சோறு முதலா, பட்டியல் முதலா?

2024 ஏப்ரல் 21 (வாசகர் ஒருவரின் கேள்வி)

2009இல் நான் சென்னையில் கல்லூரி மாணவன். இலங்கையின் வடக்கே வன்னியில் போரில் சிக்கிய மக்களுக்காக அரிசியும் துணியும் திரட்டிய குழுக்களில் ஒன்றில் நானும் இருந்தேன். போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கு முதலில் வேண்டியது சோறு. தலை எண்ணுவது, பதிவு செய்வது, அட்டை கொடுப்பது எல்லாம் நிவாரணத்தைத் தாமதப்படுத்த அதிகாரிகள் கண்டுபிடித்த வழிகள் என்றே இன்றும் நினைக்கிறேன். அங்கே இருந்தவர்கள் யாராவது இதை மறுப்பீர்களா?

2024 ஏப்ரல் 22

மறுக்கிறேன். வன்னியில் தலைகள் எண்ணப்பட்டதால் சோறு தாமதமாகவில்லை. எண்ணி அனுப்பிய தொகையைக் கொழும்பு ஏற்க மறுத்ததால்தான் தாமதமானது.

2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததைத் தொடர்ந்து, ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. போக வேண்டாம் என்று மக்கள் வாசலில் கூடி மறித்தும், 16ஆம் திகதி ஐ.நா. வாகனங்கள் புறப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகு உலக உணவுத் திட்டத்தின் லொறித் தொடரணிகளே வெளியிலிருந்து சென்ற உணவுக்குப் பெரும் வழியாக இருந்தன. ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கி 2009 ஜனவரி 16ஆம் திகதி வரை மொத்தம் 11 தொடரணிகள் சென்றன. பதினோராவது தொடரணி போன வழியே திரும்புவதற்குள் போர்முனை நகர்ந்துவிட்டதால், அதனுடன் சென்ற ஐ.நா. ஊழியர்கள் சிலர் சுதந்திரபுரத்தில், அரசாங்கமே அறிவித்திருந்த பாதுகாப்பு வலயத்துக்குள், எறிகணை வீச்சின் நடுவே பதுங்குகுழியில் கிடக்க நேர்ந்தது.

அந்தப் பெப்ரவரியில் உள்ளே சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்று அரசாங்கம் சொன்னது. இந்திய வெளியுறவு அமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜியும் அதே மாதம் நாடாளுமன்றத்தில் 70,000 என்ற தொகையையே சொன்னார். மே மாத முடிவில் வெளியே வந்து முகாம்களில் இருந்தவர்கள் ஏறத்தாழ 290,000 பேர். அவர்களுள் பெப்ரவரிக்குள் வந்துவிட்டவர்களைக் கழித்தாலும் இரண்டரை இலட்சம் பேர் மிஞ்சுகிறார்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ உலர் உணவு என்று வைத்துக்கொண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். எழுபதாயிரம் பேருக்கு 35 தொன் போதும். இரண்டரை இலட்சம் பேருக்கு 125 தொன் வேண்டும். பத்துத் தொன் லொறிக் கணக்கில் சொன்னால், நாளுக்கு நான்கு லொறி உணவா, பதின்மூன்று லொறி உணவா என்ற கேள்வி அந்த ஒற்றை எண்ணில் அடங்கியிருந்தது. நான்கு லொறி அளவுக்கு அனுமதி கொடுத்துவிட்டு "உணவு போகிறது" என்று சொல்வதற்கு அந்த எண் இடம் கொடுத்தது.

ஏப்ரல் முடிவிலும் இதுவே நடந்தது. இன்னும் 127,177 பேர் சிக்கியிருக்கிறார்கள் என்று ஐ.நா. மதிப்பிட்டபோது, பத்தாயிரம் பேர்தான் எஞ்சியிருக்கிறார்கள் என்றது அரசாங்கம். 127,177 என்று கடைசி இலக்கம் வரை எழுதப்பட்ட மதிப்பீட்டைக் கண்டால் எனக்கும் சற்றுச் சிரிப்பு வரும். ஆனாலும் எந்த எண் உண்மைக்கு அருகில் இருந்தது என்பதை அடுத்த மூன்று வாரங்கள் காட்டிவிட்டன.

2024 ஏப்ரல் 22, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விடுபட்டுவிட்டது. "அரசாங்கம்" என்று ஒரே ஆளைப் போல எழுதிவிட்டேன். உள்ளேயிருந்து பெரிய எண்ணிக்கையைச் சொன்னவர்களும் அரச ஊழியர்களே. கிராம அலுவலர்கள் குடும்பப் பட்டியல் கொடுக்க, கச்சேரி (மாவட்டச் செயலகம்) அதைத் தொகுத்து, இத்தனை பேருக்கு இவ்வளவு அரிசி வேண்டும் என்று கொழும்புக்கு எழுதியது. சம்பளம் கொழும்பிலிருந்து, எண்ணிக்கை முல்லைத்தீவிலிருந்து. எறிகணை விழும் ஊரில் வீடு வீடாக இல்லாமல் மரத்தடி மரத்தடியாகப் போய்ப் பேர் எழுதிய கிராம அலுவலர்களைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

2024 ஏப்ரல் 25

நான் வன்னிக்குள் இருக்கவில்லை. வவுனியா நகரத்தில் இருந்தேன். ஏப்ரல் 20ஆம் திகதி விடுதலைப் புலிகள் எழுப்பியிருந்த புதுமாத்தளன் மண் அரணை இராணுவம் உடைத்த பின் சில நாட்களுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். எங்கள் நகரத்துப் பாடசாலைகள் முகாம்களாயின. அவற்றுள் ஒன்றில், கையெழுத்து ஓரளவு தெளிவாக இருந்தது என்ற ஒரே தகுதியில், எனக்குப் பதிவு எழுதும் தற்காலிக வேலை கிடைத்தது. அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு.

படிவத்தில் முதல் வரி "குடும்பத் தலைவர் பெயர்". அதற்குக் கீழே அங்கத்தவர்கள், உறவுமுறை, வயது. அமைதிக் காலத்துக்கு அச்சடித்த படிவம் அது. மூன்று பிள்ளைகளின் பிள்ளைகள் ஐவரைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டிக்கு நான் ஒரு குடும்பம் என்று எழுதுவதா, மூன்று குடும்பங்கள் என்று எழுதுவதா? பங்கரில் பக்கத்தில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண், உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன சொல்வாள்? பதினொரு வயதுப் பையன் ஒருவன் தனியாக வந்தான். அவனுக்கும் அட்டை வேண்டும், அட்டைக்குக் குடும்பத் தலைவர் வேண்டும். ஆகையால் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவன் பெயரையும், வயது என்ற இடத்தில் 11 என்பதையும் எழுதினேன். மேற்பார்வையாளர் அதைப் பார்த்து, 41 என்பதைத் தவறாக எழுதிவிட்டேனோ என்று கேட்டார்.

பதினொரு பேர் கொண்ட குடும்பம் ஒன்று தங்களை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னபோது, இது ஏமாற்று என்று நினைத்து மறுத்தேன். தறப்பாளும் சமையல் பாத்திரத் தொகுதியும் ஆட்கணக்கில் வழங்கப்படவில்லை, அட்டைக்கு ஒன்று என்றே வழங்கப்பட்டன என்பது இரண்டு நாள் கழித்தே எனக்குப் புரிந்தது. ஒரு சின்னப் பானையில் பதினொரு பேருக்கு எப்படிச் சமைப்பது? தேடிப் போய் இரண்டு அட்டையாக மாற்றிக் கொடுத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் நன்றி எதுவும் சொல்லவில்லை. "இப்பவாவது விளங்கிச்சுதே, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் எழுத வேண்டும். கணவர், அவர், இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் எழுதியிருந்த பழைய நிவாரண அட்டையை அவர் நீட்டினார். வந்திருந்தவர்கள் மூன்று பேர். கணவரைப் பற்றிக் கேட்டேன். பொக்கணையில் தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பவில்லை என்றார். நான் பேனாவை எடுப்பதற்குள், "அவரின்ரை பேரை வெட்டாதேங்கோ, தம்பி" என்றார். நான் வெட்டவில்லை.

2024 ஏப்ரல் 26

கனமான குறிப்புக்குப் பின் ஒரு சிறு குறிப்பு. உலர் உணவில் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி என்பவை வந்தன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்ற பன்னாட்டு அளவை அந்த ஐந்தும் சேர்ந்து ஏறக்குறைய எட்டிவிடும். அந்தக் கணக்கைப் போட்டவர் மிளகாய்த்தூள் இல்லாமல் சோறு தின்னக்கூடியவர் என்பது மட்டும் நிச்சயம். மூன்றாம் நாளே சீனிக்கு மிளகாய்த்தூள், எண்ணெய்க்குப் புளி என்று வேலியோரத்தில் பண்டமாற்று நடக்கத் தொடங்கிவிட்டது. நிவாரணப் பொருளை மக்கள் விற்கிறார்கள் என்று ஒரு வெளிநாட்டவர் மனம் வருந்தியதாகக் கேள்விப்பட்டேன். விற்கவில்லை ஐயா, குழம்பு வைக்கப் பார்த்தார்கள்.

2024 மே 1

கேள்வி கேட்ட நண்பர், தாங்கள் திரட்டிய பொருட்களுக்கு என்னவாயிற்று என்று கேட்டிருக்கிறார். உங்கள் குழுவின் பொதியைப் பற்றி நான் அறியேன். ஆனால் "வணங்கா மண்" என்ற பெயரில் ஐரோப்பியத் தமிழர்கள் திரட்டிய பொருட்களின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. கப்டன் அலி என்ற கப்பல் 884 தொன் பொருட்களுடன் வந்தது. 2009 ஜூன் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை அதை மறித்துச் சோதித்தது. ஆயுதம் எதுவும் அகப்படாத போதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கப்பல் சென்னைக்கு அப்பால் நங்கூரமிட்டுக் காத்திருந்தது. பிறகு பொருட்கள் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டு ஜூலையில் கொழும்பை அடைந்தன. அங்கே துறைமுகக் கட்டணம், வரி என்ற பெயர்களில் மேலும் பல வாரங்கள் கிடந்தன. அந்த 884 தொன் உரிய நேரத்தில் வந்திருந்தால் முகாம்களுக்கு ஒரு மாதச் சாப்பாடு.

2024 மே 2

"ஒரு மாதச் சாப்பாடு" என்று நேற்று எழுதியது பிழை. நானே முதல் குறிப்பில் கொடுத்த அளவைக் கொண்டு கணக்குப் போடாமல், கோபத்தில் எழுதிவிட்டேன். 290,000 பேருக்கு நாளுக்கு அரைக் கிலோ என்றால் 145 தொன். 884ஐ அதனால் வகுத்தால் ஆறு நாள். அதுவும் கப்பலில் இருந்ததெல்லாம் உணவு என்று வைத்துக்கொண்டால். மருந்தும் வேறு பொருட்களும் இருந்தன, எனவே ஆறு நாளுக்கும் குறைவு.

இந்தத் திருத்தம் கப்பல் அனுப்பியவர்களைச் சிறுமைப்படுத்துவதற்காக அன்று. ஊரெல்லாம் திரட்டி, கடல் கடந்து, இரண்டு நாடுகளின் வாசலில் நின்று கெஞ்சிக் கொண்டுவந்த ஒரு முழுக் கப்பல், மூன்று இலட்சம் பேருக்கு முன்னால் ஒரு வாரம்கூட நில்லாது. நிவாரணத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கப்பலைப் படம் பிடிக்கிறோம். ஏழாம் நாள் யார் கொடுத்தார்கள் என்பதற்குப் படம் கிடையாது. தொடர்ந்து கொடுத்தவர்கள் என்றால் அது லொறி, களஞ்சியம், அட்டை, கையொப்பம் என்று ஓடிய அந்தச் சலிப்பான ஏற்பாடுதான். நண்பர் பழிக்கும் பட்டியல் அதன் அடியில் கிடந்தது.

2024 மே 9

ஒரு வாரமாக எனக்கே ஐயம். பட்டியலுக்காக இவ்வளவு வாதாடியவன், அதே பட்டியல் வேறு என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

செட்டிகுளத்தில் மெனிக் பாம் என்ற இடத்தில் காட்டை வெட்டி அமைத்த முகாமை அரசாங்கம் நலன்புரிக் கிராமம் என்று அழைத்தது. அதன் வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். "நான் இராமநாதனில் இருக்கிறேன், அக்கா ஆனந்த குமாரசுவாமியில்" என்று மக்கள் சொல்லும்போது, கலை வரலாறு எழுதிய அந்த மனிதர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்று எனக்குத் தோன்றும். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே முட்கம்பி இருந்தது. வலயம் விட்டு வலயம் போக அனுமதி வேண்டும். முகாமை விட்டு வெளியே போகவே முடியாது. டிசெம்பர் முதலாம் திகதிதான் தற்காலிக அனுமதியுடன் வெளியே சென்று வரும் உரிமை கிடைத்தது. மாதக்கணக்கில், குற்றம் எதுவும் சாட்டப்படாத இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள்.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள் 1998இல் வெளிவந்தவை. சூடான் நாட்டவரான பிரான்சிஸ் டெங் தலைமையில் எழுதப்பட்டவை. இடம்பெயர்ந்தவர்களை முகாமில் அடைத்து வைக்கக் கூடாது என்று அவற்றின் பன்னிரண்டாம் கோட்பாடு சொல்கிறது. விதிவிலக்காக அடைக்க நேர்ந்தாலும், நிலைமை கட்டாயப்படுத்தும் காலத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது.

நான் எழுதிய பட்டியல்கள் அரிசிக்காக எழுதப்பட்டவை என்று நான் நம்பினேன். ஆனால் எங்கள் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி, புலிகளோடு தொடர்புடையவர் யார் என்று வேறு சிலர் வேறொரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த மேசைக்குப் போன இளைஞர்கள் சிலர் எங்கள் மேசைக்கு வரவேயில்லை. என் பட்டியல் அந்த மேசைக்குப் போனதா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

இது நம் நாட்டோடு முடிந்த கதையும் அன்று. வங்காளதேசத்தில் ரோஹிங்கியா அகதிகளுக்கு உதவி வழங்குவதற்கென்று திரட்டிய விவரங்கள், அவர்களின் முறையான ஒப்புதலின்றி மியான்மார் அரசிடம் போய்ச் சேர்ந்ததாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021 ஜூனில் குற்றஞ்சாட்டியது. தங்களைத் துரத்தியவனின் கையிலேயே தங்கள் பெயர்ப் பட்டியல்!

எனவே நண்பரின் கேள்விக்கு என் முதல் பதிலைச் சற்றுத் தளர்த்துகிறேன். எண்ண வேண்டும் என்பதில் மாற்றமில்லை. எண்ணுகிறவர் யார், எண்ணிய தாளை யாரிடம் கொடுக்கிறார் என்பதைக் கேட்காமல் "எண்ணுங்கள்" என்று சொன்னது அவசரம்.

2024 மே 10

தண்ணீரைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்பியர் என்று அழைக்கப்படும் பன்னாட்டுக் குறைந்தபட்ச அளவுகோல்கள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் நீர், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம், கூரைக்குக் கீழே ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீற்றர் இடம் என்று சொல்கின்றன. 15 லீற்றர் என்றால் குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. அருவி ஆறு முகாமின் ஓரமாகவே ஓடியது. அந்த நீரைத்தான் சுத்திகரித்துப் பவுசரிலும் (தண்ணீர் வண்டி) குழாயிலும் கொடுத்தார்கள். கண்ணெதிரே ஆறு ஓட, வாளியுடன் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

இடத்தைப் பற்றிச் சொன்னால், 16 சதுர மீற்றர் கூடாரம் ஒன்றில் முன்பின் அறியாத இரண்டு குடும்பங்கள், மொத்தம் ஒன்பது பேர் இருந்ததை நான் பார்த்தேன். நடுவே ஒரு சேலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓகஸ்ட் மழையில் தாழ்வான பகுதிகளில் கூடாரங்களுக்குள் நீர் புகுந்தபோது அந்தச் சேலையை அவிழ்த்துப் பிள்ளைகளைப் போர்த்தினார்கள்.

2024 மே 18

போர் முடிந்த நாளின் நினைவாக இன்று ஊரில் கஞ்சி வழங்கினார்கள். அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. கடைசி மாதங்களில் வரிசையில் நின்று சிரட்டையிலும் பாத்திரத்திலும் வாங்கிக் குடித்த அந்தக் கஞ்சிதான் முள்ளிவாய்க்காலுக்குள் இருந்தவர்கள் அறிந்த கடைசி நிவாரணம். கஞ்சிக்குப் பதிவு கிடையாது, அட்டை கிடையாது. நண்பரின் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. நியாயத்துக்காக நானே அதை எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆனால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த, கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் 2011 ஜனவரியில் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிக் கணக்குகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அப்போதிருந்து போர் முடியும்வரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார்.

கச்சேரிக் கணக்கில் இரட்டைப் பதிவுகள் இருந்திருக்கலாம், இடையில் வேறு வழிகளால் வெளியேறியவர்களும் இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. பதிவு எழுதியவன் என்ற முறையில், பிழைகள் நேரும் என்பதை நானும் அறிவேன். ஒரு குடும்பத்தை இரண்டாக்கி எழுதியவன் நான்தானே. ஆயினும், ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிரித்தால் அட்டைதான் கூடும், ஆட்கள் கூட மாட்டார்கள். ஆயர் கழித்தது அட்டைகளை அல்ல. அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே, யாரோ சில கிராம அலுவலர்கள் அரிசிக்காகவும் பருப்புக்காகவும் பேர் எழுதி வைத்திருந்ததால்தான். சோற்றுக்காக எழுதிய தாள், எழுதியவர்கள் எண்ணிப் பாராத வேறொரு வேலையைச் செய்தது.

2024 மே 27

மெனிக் பாம் முகாம் எப்போது மூடப்பட்டது என்று கேட்டிருந்தவருக்கு: 2012 செப்டெம்பர் 24. கடைசியாக வெளியேறியவர்கள் 1,160 பேர். அவர்களுள் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவைச் சேர்ந்த 110 குடும்பங்களின் காணிகள் இராணுவத்தின் வசம் இருந்தமையால் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வேறு இடத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். முகாமின் பட்டியலில் அன்றைய தொகை பூச்சியம். 2017இல் அந்த ஊர் மக்கள் படைமுகாம் வாசலில் மாதக்கணக்கில் அமர்ந்து தங்கள் காணியைக் கேட்டார்கள்.

மீளக் குடியமர்ந்தவர்களுக்கு ஐ.நா. அகதிகள் நிறுவனம் வீட்டுத் தேவைக்கு 25,000 ரூபா கொடுத்தது, உலக உணவுத் திட்டம் ஆறு மாத உலர் உணவு கொடுத்தது. காசாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. கடை இருக்கும் ஊரில் காசு நல்லது; 2009இல் வேலிக்குள் கடை எங்கே இருந்தது?

2024 ஜூன் 3

ஏப்ரல் 25ஆம் திகதிக் குறிப்பில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். கணவரின் பெயரை வெட்ட வேண்டாம் என்று கேட்ட பெண்ணைப் பற்றி எழுதிவிட்டு, "நான் வெட்டவில்லை" என்று முடித்திருந்தேன். அது அன்றைய நாளுக்கு மட்டும் உண்மை.

ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து மறுபதிவு நடந்தது. நேரில் நிற்பவர்களை மட்டும் எழுத வேண்டும், இல்லாதவர்களின் பெயரில் உணவு போகக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு இருநூறு படிவம் முடிக்க வேண்டும். பழைய படிவத்தை இடப்பக்கமும் புதிய படிவத்தை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்த்து எழுதினோம். அந்தக் குடும்பத்தின் படிவம் என்னிடமே வந்தது. அந்தப் பெண் பிள்ளைகள் இருவருடன் மேசைக்கு முன்னால் நின்றார். இந்த முறை எதுவும் சொல்லவில்லை. பழைய தாளில் முதல் வரியில் இருந்த பெயர் அப்படியே இருந்தது, அதன் மேல் கோடு எதுவும் இல்லை. புதிய தாளில் முதல் வரியில் அவருடைய பெயரை எழுதினேன். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பிள்ளைகளின் பெயர்கள். மொத்த அங்கத்தவர் என்ற கட்டத்தில் 3 என்று எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கினேன்.